வேட்டை ஓவியங்களில் குதிரை ஏறாதவர்கள்

மரநிழல்:

லூக்காஸ் கிரானாக் 1529-இல் வரைந்த மான் வேட்டையிலிருந்து தொடங்குகிறேன். வியன்னாவில் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஆறு. அதில் மான்கள் கூட்டமாக நீந்துகின்றன. கரையில் மரமறைவில் சாக்சனியின் ஆட்சியாளர் மூன்றாம் பிரடெரிக் குறுக்குவில்லோடு நிற்கிறார். பேரரசர் முதலாம் மாக்சிமிலியனும் அதே வேட்டையில் இருக்கிறார்.

முதல் பார்வையில் வீரம் என்று தோன்றும். சற்று நின்று பார்த்தால் வீரத்துக்கு அங்கே வேலையே இல்லை. மான்கள் தாமாக ஆற்றில் இறங்கவில்லை. காட்டைக் கலைத்து, நாய்களை ஏவி, தப்பும் வழிகளை அடைத்து, பிரபு நிற்கும் இடத்துக்கு முன்னால் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள். நீந்தும் மானால் திரும்பவும் முடியாது, பாயவும் முடியாது. பிரபு செய்ய வேண்டியது விசையைத் தட்டுவது மட்டும்தான்.

இன்னொன்று. மாக்சிமிலியன் இறந்தது 1519-இல். பிரடெரிக் இறந்தது 1525-இல். ஓவியம் 1529. ஆக, இறந்துபோன இரண்டு பேர் சேர்ந்து வேட்டையாடும் காட்சி இது. நடந்ததைப் பதிவு செய்த படம் என்று இதைச் சொல்ல முடியாது. ‘எங்கள் குடும்பம் பேரரசரோடு தோளுரசி வேட்டையாடிய குடும்பம்’ என்று அரண்மனைச் சுவரில் அடித்த முத்திரை.

என் வாதம் எளிது. இந்தக் காலத்து வேட்டை ஓவியங்களில் விலங்கைவிட முக்கியமானது, யாருக்கு வேட்டையாடும் உரிமை இருந்தது என்பதுதான். குதிரை மேல் இருப்பவரை விட்டுவிட்டு நடந்து வருபவரைப் பாருங்கள், படம் வேறு கதை சொல்லும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக மோதலாம்.

கோணல்கோடு:

மோதுகிறேன். அதிகாரத்தைத் தேடிப் போனால் எந்தப் படத்திலும் கிடைக்கும். ஆப்பிள் கூடையை வரைந்தாலும் தோட்டம் யாருடையது என்று கேட்கலாம். ஓவியனுக்கு வேட்டை ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பாவ்லோ உச்செல்லோவின் ‘காட்டில் வேட்டை’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1470-ஐ ஒட்டி வரைந்தது, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 177 செ.மீ., உயரம் அதில் பாதிகூட இல்லை. நாய்கள், மான்கள், ஈட்டிக்காரர்கள், குதிரைகள் எல்லாம் படத்தின் நடுவில் இருட்டுக்குள் இருக்கும் ஒரே புள்ளியை நோக்கி ஓடுகின்றன. கீழே கிடக்கும் மரத்துண்டுகள்கூட அந்தப் புள்ளியைத்தான் காட்டுகின்றன. தூரத்தையும் ஆழத்தையும் கணக்குப் போட்டு வரைவதில் பைத்தியமாக இருந்த ஒரு கிழவர் எழுபது வயதுக்கு மேல் போட்ட கும்மாளம் அது. இலைகளில் தங்கத்தைத் தொட்டு வைத்திருக்கிறார். இதில் வர்க்கத்தை எங்கே தேடுவீர்கள்? யாருக்காக வரைந்தார் என்பதே பதிவில் இல்லை.

மரநிழல்:

தேடவே வேண்டாம், நண்பரே, கண்முன்னால் இருக்கிறது. குதிரையில் இருப்பவர் யார், கம்போடு ஓடுபவர் யார் என்று ஒரு நொடியில் பிரிக்கலாம்.

அந்தக் காட்டின் தரையையும் பாருங்கள். புதர் இல்லை, முள் இல்லை. மரங்களுக்கு ஆளுயரத்துக்கு மேல்தான் கிளை. குதிரை தடையின்றி ஓடும்படி வைத்திருக்கும் காடு. உச்செல்லோவின் கணக்குக்கு அது தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படி ஒரு காட்டைப் பார்த்ததும் ‘இது நம் இடம்’ என்று நினைக்கக்கூடியவர் யார்? அதன் விறகை நம்பி அடுப்பெரித்தவர் நினைத்திருக்க மாட்டார்.

சட்டக்கட்டு:

இருவரும் படத்துக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். வெளியே சட்டம் என்ன சொன்னது என்பதைப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

இங்கிலாந்தில் 1217-ஆம் ஆண்டின் வனப் பட்டயம் என்று ஒன்று உண்டு. அரசக் காட்டின் எல்லைக்குள் வாழ்பவர் நாய் வளர்த்தால், அதன் முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும் என்ற வழக்கத்தை அது ஒழுங்குபடுத்தியது. மானைத் துரத்த முடியாத நாயாக அது ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இதை அந்தக் காலத்தில் சலுகை என்றே கருதினார்கள். முன்பு நிலைமை இன்னும் மோசம்.

1390-இல் இரண்டாம் ரிச்சர்டின் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத எவரும் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. வலை, கண்ணி எதுவும் கூடாது. மீறினால் ஓராண்டு சிறை. பாதிரியார்களுக்கு 10 பவுண்டு வருமானம் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் முகவுரைதான் சுவை. நல்ல கிறிஸ்தவர்கள் கோயிலில் இருக்கும் திருநாள்களில் கைவினைஞரும் கூலிக்காரரும் நாய்களோடு வேட்டைக்குப் போகிறார்கள், அந்தச் சாக்கில் கூடிப் பேசிக் கலகத்துக்குச் சதி செய்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். 1381-இன் உழவர் கிளர்ச்சி முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. மான் தீர்ந்துவிடும் என்ற கவலையைவிட ஆட்கள் கூடுவார்கள் என்ற பயம் பெரிதாக இருந்தது.

இந்த வரம்பு தளரவில்லை, இறுகியது. 1671-இல் அது ஆண்டுக்கு 100 பவுண்டு. 1831-இல்தான் இந்தத் தகுதி முறை ஒழிந்தது. அதனால் மறுமலர்ச்சிக் காலத்தில் ஒருவர் தன்னை வேட்டைக்காரராக வரையச் சொன்னால், நிலப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

கோணல்கோடு:

இங்கிலாந்துச் சட்டத்தை ஃபிளாரன்ஸ் ஓவியத்தின் மேல் ஒட்டாதீர்கள். உச்செல்லோவின் ஊர் குடியரசு. அங்கே செல்வாக்கு வங்கிக்காரர்களிடம் இருந்தது.

மரநிழல்:

அதுதான் இன்னும் சுவாரஸ்யம். வங்கிக்காரர்களுக்கு இந்த வேடம் பிரபுக்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது.

1459-இல் பெனோட்சோ கோட்சோலி மெடிச்சி மாளிகையின் சிற்றாலயத்தில் மூன்று ஞானிகளின் ஊர்வலத்தை வரைந்தார். பெத்லகேமுக்குப் போகும் பக்தி ஊர்வலம்தான். ஆனால் பின்னணி மலைச்சரிவில் மானை விரட்டுகிறார்கள். ஊர்வலத்தில் ஒருவரின் குதிரை முதுகில், அவருக்குப் பின்னால், ஒரு சிறுத்தை உட்கார்ந்திருக்கிறது. பழக்கிய வேட்டைச் சிறுத்தை, கடல் கடந்து வர வேண்டிய விலங்கு. வட்டிக்குக் கடன் கொடுத்து வளர்ந்த குடும்பம், தன் சொந்தக் கோயில் சுவரில் அரசர்களுக்கு நடுவே நிற்கிறது. மெடிச்சிகளிடம் அப்போது எந்தப் பட்டமும் கிடையாது. பட்டம் பிறகு வந்தது, படம் முதலில் வந்துவிட்டது.

பாவுநூல்:

ஓவியத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பெரும்பணம் சுவரோவியத்தில் போகவில்லை, நெய்த திரைகளில் போனது. தறி தெரிந்தவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன்.

நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டைத் திரைகள் ஏழு இருக்கின்றன. 1495-க்கும் 1505-க்கும் இடைப்பட்டவை. கம்பளி, பட்டு, வெள்ளி, பொன்முலாம் பூசிய இழை. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் செடிச் சாயம்தான். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர். ஊடையில் எத்தனை முறை நிறம் மாற்றினால் ஒரு நாயின் காதோரத்து நிழல் வரும் என்பது நெய்பவருக்குத்தான் தெரியும்.

அந்த வரிசையில் ஒரு திரையில் விலங்கைக் கொன்று, குதிரை மேல் குறுக்காகப் போட்டுக் கோட்டைக்குக் கொண்டுவருகிறார்கள். பிரபுவும் மனைவியும் வெளியே வந்து அதைப் பார்க்கிறார்கள். ஈட்டி குத்தும் இடத்தில் அவர்கள் இல்லை. சரக்கு வாசலுக்கு வந்துசேரும்போது இருக்கிறார்கள். மரநிழல் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

இன்னொரு கதையும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், லா ரோஷ்ஃபூக்கோ குடும்பத்தின் வெர்தேய் கோட்டையிலிருந்து இவை பறிபோயின. உழவர்கள் உருளைக்கிழங்கு குளிரில் கெடாமலிருக்க இவற்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 1850-களில் குடும்பம் மீட்டுக்கொண்டது. அருங்காட்சியகக் கையேடுகள் இதை ‘ஐயோ’ என்ற தொனியில் சொல்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கம்பளி முதல் முறையாக ஒரு உழவர் வீட்டுக்கு உபயோகப்பட்டது.

கோணல்கோடு:

அக்கா, நெசவு தெரிந்த நீங்களே இதைச் சொன்னால் எப்படி? அத்தனை உழைப்பையும் கிழங்கு மேல் போட்டதைக் கொண்டாடுகிறீர்களே.

பாவுநூல்:

கொண்டாடவில்லை. வருத்தப்பட வேண்டிய இடத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். நெய்தவர் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அதற்கு யாராவது ‘ஐயோ’ சொல்லியிருக்கிறார்களா?

வடமுனை:

உழைத்தவர் பெயர் என்றதும் இத்தாலியின் ஃபெராரா நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஸ்கிஃபனோயா மாளிகையில், 1470-ஐ ஒட்டி, அந்த ஊரை ஆண்ட கோமகன் போர்சோ தெஸ்தேயின் ஆண்டு முழுவதையும் மாதவாரியாகச் சுவரில் வரைந்தார்கள். மார்ச் மாதத்தின் கீழ்ப்பகுதியில் போர்சோ ஒரு பக்கம் நீதி வழங்குகிறார், இன்னொரு பக்கம் வல்லூறுகளோடு வேட்டைக்குக் கிளம்புகிறார். அவருக்குப் பின்னால் உழவர்கள் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். சுவரின் கணக்குப்படி நீதி, வேட்டை, விளைச்சல் எல்லாம் ஒரே மனிதரின் அருளால் நடக்கிறது.

இதை வரைந்த பிரான்செஸ்கோ தெல் கோஸா, 1470 மார்ச் 25 அன்று போர்சோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சதுர அடிக்குப் பத்து பொலொஞ்ஞினோ காசு கூலி கொடுக்கிறீர்கள், ஊரிலேயே கடைசி எடுபிடிக்குச் சமமாக என்னை வைத்துவிட்டீர்களே என்று. கோமகனின் பதில் சுருக்கம்: கொடுத்ததை வைத்துத் திருப்தியடையட்டும். கோஸா பொலொஞ்ஞாவுக்குப் போய்விட்டார்.

அந்தக் கடிதம் தப்பிப் பிழைத்ததால்தான், எந்த எந்தப் பகுதி அவர் கைவேலை என்பதே இன்று தெரிகிறது. சதுர அடிக் கணக்கில் கோமகனின் முகத்துக்கும் வல்லூறின் இறக்கைக்கும் ஒரே விலை என்பதில் ஒரு வினோதமான சமத்துவம் இருக்கத்தான் செய்கிறது.

கோணல்கோடு:

இது நல்ல செய்தி, ஒத்துக்கொள்கிறேன். ஓவியனும் அந்த வேட்டையில் நடந்து போகிறவன்தான் என்றால் அந்த வாதத்தில் எனக்கு இடம் இருக்கிறது.

சட்டக்கட்டு:

ஜெர்மனிக்குத் திரும்பலாமா? மரநிழல் தொடங்கிவைத்த கிரானாக் ஓவியத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னால்தான் 1525-இன் உழவர் போர் நடந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வகுத்தார்கள். நான்காவது கோரிக்கை முழுக்க வேட்டையைப் பற்றியது. ஏழை மனிதன் மானையோ காட்டுப் பறவையையோ ஓடும் தண்ணீரின் மீனையோ தொடக் கூடாது என்றிருக்கும் வழக்கம் இறைவாக்குக்கு முரணானது என்கிறார்கள். சில ஊர்களில் பிரபுக்கள் வளர்க்கும் காட்டு விலங்குகள் எங்கள் பயிரைத் தின்று அழிக்கின்றன, நாங்கள் வாய்மூடிச் சகிக்க வேண்டியிருக்கிறது என்றும் அதிலேயே வருகிறது. ஐந்தாவது கோரிக்கை விறகு.

இப்போது அந்த ஆற்று மான்களை மறுபடி பாருங்கள். அவை கொழுத்தது யாருடைய வயலில்?

பிரடெரிக் இறந்ததும் அந்தப் போரின் நடுவில்தான், 1525 மே 5 அன்று, லோகாவில் இருந்த தன் வேட்டைக் கோட்டையில். பத்து நாள் கழித்து ஃபிராங்கன்ஹௌசனில் உழவர் படையை வெட்டிச் சாய்த்தார்கள். நான்கு ஆண்டில் கிரானாக் அவரை உயிரோடு எழுப்பி மறுபடி வேட்டைக்கு அனுப்புகிறார்.

மரநிழல்:

இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும்படி எழுதிவிட்டீர்கள், ஐயா. தொடர்ச்சியும் உண்டு. 1544-இல் கிரானாக் இன்னொரு வேட்டையை வரைந்தார், மாத்ரிதின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டோர்காவ் கோட்டைக்கு முன்னால் பேரரசர் ஐந்தாம் சார்லஸை விருந்தினராக வைத்துப் பிரடெரிக்கின் தம்பி மகன் யோஹான் பிரடெரிக் நடத்தும் வேட்டை. மூன்றே ஆண்டில், 1547 ஏப்ரலில், மியூல்பெர்க் போரில் அதே சார்லஸ் அதே யோஹான் பிரடெரிக்கைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். கிழவர் கிரானாக் 1550-இல் சிறைவாசத்திலிருந்த எசமானைத் தேடி ஆக்ஸ்பர்க் போனார். வேட்டைப் படத்தில் வாங்கிவைத்த நட்பு அவ்வளவு நாள்தான் தாக்குப்பிடித்தது.

குறிஞ்சிக்கொடி:

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. டோர்காவ் ஓவியத்தில் யோஹான் பிரடெரிக்கின் மனைவி சிபில் தன் தோழிகளோடு இருக்கிறாள், அவள் கையிலும் குறுக்குவில். உயர்குடிப் பெண்ணுக்கு வேட்டை உண்டு. உழவனுக்குக் கிடையாது. பால் வேற்றுமையை மீறும் அளவுக்குக் குலம் கனமாக இருந்தது.

1575-இல் லண்டனில் ஒரு வேட்டைக் கையேடு அச்சாயிற்று, ஜார்ஜ் டர்பர்வில் பெயரில். அதில் எலிசபெத் அரசி வரும் மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் வேட்டைத் தலைவன் அரசியிடம் மானின் புழுக்கையைக் காட்டி அறிக்கை கொடுக்கிறான். சிரிக்காதீர்கள். புழுக்கையின் அளவையும் உருவத்தையும் வைத்து அந்த மான் அரசி துரத்தத் தகுந்ததா என்று முடிவு செய்வார்கள். அதற்கென்றே தனிச் சொற்கள், தனி இலக்கணம். அந்தப் பேச்சு தெரியாதவன் உயர்குடி இல்லை. இன்னொரு படத்தில் செத்த மானுக்குப் பக்கத்தில் அவன் மண்டியிட்டு அரசியிடம் கத்தியை நீட்டுகிறான். முதல் கீறலை அவள்தான் போட வேண்டும். தோலுரிப்பதும் குடல் எடுப்பதும் மற்றவர்கள் வேலை.

1611-இல் மறுபதிப்பு வந்தபோது எலிசபெத் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்தில் அரசியை எடுத்துவிட்டு ஜேம்ஸ் அரசரைப் பொருத்தினார்கள். மான் அதே மான்.

சட்டக்கட்டு:

அதே உத்தி ஓவியத்திலும் உண்டு. 1603-இல் ராபர்ட் பீக் வரைந்த இளவரசர் ஹென்றியின் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்பது வயதுச் சிறுவன் வீழ்ந்த கலைமானுக்கு மேல் கால் அகட்டி நின்று வாளை உறையில் போடுகிறான். பதினொரு வயது ஜான் ஹாரிங்டன் மண்டியிட்டுக் கொம்பைப் பிடித்திருக்கிறான். இருவரின் குலச்சின்னங்களும் மரக்கிளையில் தொங்குகின்றன. ஒன்பது வயதில் ஒரு கலைமானை வாளால் முடிப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓரிரு ஆண்டு கழித்து அதே ஓவியர் அதே காட்சியை மறுபடி வரைந்தார், இங்கிலாந்து அரசச் சேகரிப்பில் இருக்கிறது. இளவரசன் அதே நிலையில் நிற்கிறான். மண்டியிட்டிருப்பவன் மட்டும் இப்போது எசெக்ஸ் பிரபு. அவனுடைய தந்தையை 1601-இல் அரசத் துரோகத்துக்காகத் தலைவெட்டியிருந்தார்கள். மகனுக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தது ஜேம்ஸ். அந்தச் சிறுவன் மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுவதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

கோணல்கோடு:

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் காட்டும் படங்கள் எல்லாமே அரண்மனை கேட்டு வாங்கியவை. அதனால் அரண்மனைதான் தெரியும். வேறு படங்களையும் வைத்துப் பாருங்கள். பியரோ தி கோஸிமோ 1500-க்குச் சற்று முன்னால் வரைந்த வேட்டைக் காட்சியில் குதிரைவீரனே இல்லை. மனிதர், அரைமனிதர், சிங்கம், கரடி எல்லாம் கட்டிப் புரண்டு கொல்கிறார்கள். பின்னால் காடு எரிகிறது. யார் வேட்டைக்காரர், யார் இரை என்று பிரிக்கவே முடியாது. உரிமை, சட்டம், சலுகை எதுவும் பிறக்காத காலம் அது. இதுவும் வேட்டை ஓவியம்தானே?

கார்பாச்சோவின் வெனிஸ் காயல் வேட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகுகளில் நின்று வில்லில் களிமண் உருண்டை வைத்துப் பறவைகளை அடிக்கிறார்கள். உருண்டை என்றால் இறகு கெடாது. இது லாஸ் ஏஞ்சலஸின் ‘கெட்டி’ (Getty) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதன் கீழ்ப்பாதி வெனிஸிலேயே தங்கிவிட்டது, மாடத்தில் இரண்டு பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் படம். யாரோ எப்போதோ ரம்பத்தால் அறுத்துப் பிரித்திருக்கிறார்கள். கீழே ஜாடியில் மொட்டைத் தண்டு, மேலே காயலின் ஓரத்தில் அதன் லில்லிப் பூ. சேர்த்து வைத்தால் பொருந்துகிறது.

குறிஞ்சிக்கொடி:

அதைச் சொன்னதற்கு நன்றி. கீழ்ப்பாதியை மட்டும் பார்த்தவர்கள் நெடுங்காலம் அந்தப் பெண்களை விலைமாதர் என்றே எழுதினார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெண் வேறு யாராக இருக்க முடியும் என்ற நினைப்பு. மேற்பாதி சேர்ந்த பிறகுதான், கணவர்கள் வேட்டையில் இருக்கும்போது காத்திருக்கும் இல்லத்தரசிகள் என்ற விளக்கம் வலுப்பட்டது. வேட்டைப் படத்துக்குள் வேட்டைக்குப் போகாதவர்களையும் வைத்த ஓவியர் கார்பாச்சோ. மீதியை ரம்பம் செய்துவிட்டது.

மரநிழல்:

கோணல்கோடு காட்டிய பியரோவுக்கு என் பதில்: யாருக்கும் உரிமை இல்லாத வேட்டையை வரைய வேண்டுமானால் ஓவியர் மனித வரலாற்றுக்கு முன்னால் போக வேண்டியிருந்தது என்பதே என் பக்கச் சாட்சி.

வரலாற்றுக்குள்ளேயே இருந்து வரைந்தவர் புருகல். 1565-இன் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. அரசர் கேட்டதல்ல, ஆன்ட்வெர்ப் வணிகர் நிகொலாஸ் யோங்கெலிங்கின் வீட்டுக்காக வரைந்த மாதத் தொடரில் ஒன்று. மூன்று பேர் முதுகைக் காட்டி நடக்கிறார்கள். குதிரை இல்லை. நாய்கள் ஒரு படையே இருக்கின்றன, வால் தொங்கி, தலை கவிழ்ந்து. ஒருவர் தோளில் கம்பில் தொங்குவது ஒரே ஒரு ஒல்லி நரி. மானில்லை, பன்றியில்லை.

இடது ஓரத்தில் விடுதியின் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு கொக்கி கழன்று பலகை சாய்ந்து தொங்குகிறது. அதில் ஒரு கலைமான், எதிரே மண்டியிட்ட புனிதர். விடுதியின் பெயரே மான். பிரபுக்களின் விலங்கு இந்த ஊரில் பலகையில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் விழப்போகிற நிலையில். கீழே விடுதிக்காரர்கள் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். நரியைச் சுமந்து வருபவர்களை அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோணல்கோடு:

பலகை சாய்ந்ததை அரசியலாக்குவது உங்களுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா? காற்றடித்திருக்கும். ஆனால் நரியை விட்டுக்கொடுக்கிறேன். அத்தனை நாய்களுக்கு ஒரு நரி என்று வரைந்தவர் ஏதோ நினைத்துத்தான் வரைந்திருக்கிறார். உச்செல்லோவை மட்டும் விடமாட்டேன்.

புதுவரவு:

இழையை இப்போதுதான் படித்தேன். அடுத்த மாதம் வேலையாக வியன்னா போகிறேன், ஒரு பிற்பகல் மட்டும் ஓய்வு. எதைப் பார்க்கலாம்?

மரநிழல்:

கிரானாக்கின் 1529 ஓவியமும் புருகலின் பனியும் ஒரே அருங்காட்சியகத்தின் சொத்து. போகும் முன் இரண்டும் காட்சியில் இருக்கின்றனவா என்று அவர்கள் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் கடனாக வெளியூர் போய்விடும். புருகலுக்கு முன்னால் எப்போதும் கூட்டம்தான், அதனால் கிரானாக்கை முதலில் பாருங்கள்.

பாவுநூல்:

திரும்பும் வழியில் பாரிஸில் விமானம் மாறினால் லூவரில் மாக்சிமிலியனின் வேட்டைத் திரைகள் பன்னிரண்டு இருக்கின்றன, மாதத்துக்கு ஒன்று. நெருங்கிப் பார்க்க விட்டால் நாய்களின் ரோமத்தைப் பாருங்கள்.